ஜன்னல் திறக்கிற கட்டடமும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் அலுவலகக் கட்டடங்கள் பற்றிய கட்டுரையில், ‘சென்னைப் புழுக்கத்துக்கு ஏசி ஒன்றே வழி’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. வருடக்கணக்கில் உங்கள் பத்திரிகையை வாங்கிப் படிக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், படித்ததும் மனசு கசந்துவிட்டது.

நான் மண்ணடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்தவன். மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுகிற ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரை போட்ட பழைய கட்டடம். தடித்த சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை, மேற்கே வராந்தா. மதியம் கடல்காற்று இறங்கியதும் கிழக்கு ஜன்னல்களைத் திறந்துவிடுவோம். ஏசி மானேஜர் அறைக்கு மட்டும்தான். அப்புறம் எங்களைக் கண்ணாடிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். திறக்க ஒரு ஜன்னல் கிடையாது. மேற்கு வெயில் நேராக மேஜைமேல் விழும். திரையை இழுத்துவிட்டு, பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்தோம். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சூட்டைத் திரை என்ன செய்யும்? கரண்ட் போனால் எல்லோரும் படிக்கட்டில்தான்.

ஏசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. மே மாதத்தில் கடல்காற்று தாமதிக்கிற நாளில் அது வேண்டும்தான். இந்த ஈரக்காற்றில் தண்ணீர் கூலரும் எடுபடாது. ஆனால் வெயிலை முதலில் வெளியிலேயே நிறுத்தவேண்டும். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் தடுப்பு, மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு. மார்கழி, தை மாதங்களில் ஜன்னலே போதும். ஏசி ஓடும்போது ஜன்னலைச் சாத்தி, கூடவே மின்விசிறி சுற்றினால் 26 டிகிரியிலும் உட்காரலாம். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று ஏசிக்கு நட்சத்திரம் கொடுக்கிற பிஇஇ அமைப்பே சொல்கிறது. கட்டடங்களுக்கான எரிசக்திச் சிக்கன விதி 2007லேயே வந்தாயிற்று. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். அத்திப்பட்டு அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது எண்ணூருக்கு வந்த உங்கள் நிருபர்களை அப்புறம் வடசென்னைக்காரர்கள் நாங்கள் பார்க்கவில்லை. கிண்டியும் ஓஎம்ஆரும் வண்ணப்படமாக வருகிற இணைப்பில் ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் ஒரு பக்கம்கூட இல்லையா, ஐயா?

கட்டுரை அடுத்த வாரமும் தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். மேற்கு ஜன்னலுக்கு எப்படித் தடுப்பு வைப்பது, எப்போது ஜன்னல், எப்போது ஏசி என்பதை ஒரு படத்தோடு போடுங்கள். எழுதுகிறவர் வந்தால் மண்ணடிக் கட்டடங்களை நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குமாஸ்தா,
பழைய வண்ணாரப்பேட்டை