ஒரு நெல்மணி கூடிவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில் வந்த சதுரங்கக் கதையைப் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நான்கு என 64 கட்டத்துக்கும் இரட்டித்துக் கேட்ட கதை. மொத்தம் 18446744073709551616 மணிகள் என்று அச்சாகியிருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை உடனே மடக்கினாள்: "முதல் கட்டத்துல மட்டும்தான் தாத்தா ஒத்தப்படை. மத்ததெல்லாம் ரெட்டைப்படை. கூட்டினா ஒத்தப்படைதானே வரணும்?"

அவள் சொன்னதுதான் சரி. கடைசி இலக்கம் 6 அல்ல, 5.

ஒரு மணிதானே என்று விட்டிருப்பேன். கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு மனசு கேட்கவில்லை. நீங்கள் அச்சிட்ட எண் 64 இரண்டுகளின் பெருக்கல். 2ஐத் தவிர வேறெந்தப் பகா எண்ணாலும் அது வகுபடாது. அதிலிருந்து ஒரு மணியை எடுத்துவிட்டால் 2ஆல் வகுபடாது, ஆனால் 3, 5, 17, 257, 641, 65537, 6700417 என்ற ஏழு பகா எண்களால் வகுபடும். அந்த ஏழையும் பெருக்கினால் விடை அதேதான்.

இந்த ஏழும் பலகையிலேயே இருக்கின்றன. முதல் வரிசை எட்டுக் கட்டத்தில் 255 மணிகள், அதாவது 3×5×17. இரண்டாம் வரிசை அதைப்போல 256 மடங்கு. ஆக இரண்டு வரிசைக்கும் சேர்த்து 255×257. இப்படியே போனால் பாதிப் பலகைக்கு அதை 65537ஆல் பெருக்க வேண்டும், 4294967295 வரும். முழுப் பலகைக்கு இன்னும் ஒரு பெருக்கல், 4294967297ஆல்.

இந்தக் கடைசி எண்ணைத்தான் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 17ஆம் நூற்றாண்டில் பகா எண் என்று நம்பினார். அவ்வளவு பெரிய மேதை! 1732இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித அறிஞர் அதை 641×6700417 என்று உடைத்துக் காட்டினார். இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும் என்பதும் பிற்பாடு அவர் நிறுவியது. 641ஐப் பாருங்கள், பத்து 64, மேலே ஒன்று. பலகைக் கட்டமும் 64 என்பது தற்செயல்தான், ஆனாலும் பேத்திக்குச் சொல்லும்போது நன்றாக இருந்தது.

2ஐ 64 முறை பெருக்கிவிட்டு ஒன்றைக் கழிக்க மறந்திருப்பீர்கள். எக்செல்லில் போட்டுச் சரிபார்க்க வேண்டாம். அது 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது, வாலெல்லாம் சைபராகிவிடும். தாளில் பெருக்கிப் பாருங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். திருத்தம் போடும்போது 1,84,46,74,40,73,70,95,51,615 என்று நம் வழக்கப்படி காற்புள்ளி வையுங்கள். 1,84,467 கோடி கோடிக்குச் சற்றுக் கூடுதல் என்று பிள்ளைகள் வாய்விட்டுப் படித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
மன்னார்குடி