அப்பாவுக்காக ஜெபிக்கிற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

"அப்பா விசுவாசத்துக்கு வர வேண்டும் என்று இன்னும் எவ்வளவு நாள்தான் அக்கா ஜெபிக்கிறது?" என்று போன ஞாயிறு சபையில் நீ உன் அப்பாவைப் பற்றிக் கேட்டபோது என் வீட்டுக்காரர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். அவசரத்தில் சொல்கிற பதிலும் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

அவரை உனக்குத் தெரியும். வாராவாரம் என்னைச் சபை வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடிகிறவரை எதிர் டீக்கடையில் பேப்பர் படிப்பார். உள்ளே வந்ததில்லை. ஆகவே ஜெபம் கேட்கப்பட்டது என்று சாட்சி சொல்ல எழுந்து நிற்கிற ஆள் இல்லை நான். உன்னைப் போலக் காத்திருக்கிறவள்தான்.

குடியாத்தத்தில் நடக்கப்போகிற முழு இரவு ஜெபத்துக்கு அப்பா பெயரை எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாய். வேண்டாம்ப்பா. உங்கள் தெருமுனையில் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் அப்பா நெய்கிற தறி வரைக்கும் கேட்கும். தன் பெயரைச் சொல்லி, "இருளிலிருந்து மீட்டருளும்" என்று ஊரே கேட்க மைக்கில் கத்தினால் அந்த மனுஷனுக்கு எப்படி இருக்கும்? நாளைக்கு நூல் வாங்க அதே தெரு வழியாகத்தானே போக வேண்டும்?

சாப்பாட்டுக்கு முன்னால் நீ கண்ணை மூடிக்கொண்டு, "இந்த வீட்டில் இருக்கிறவர்களின் கண்களைத் திறந்தருளும் ஆண்டவரே" என்று சத்தமாகச் சொல்வதும் அதே ரகம்தான். பெயருக்கு ஆண்டவரிடம் பேசுகிறாய்; சொல்வதெல்லாம் எதிரே தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அப்பாவுக்கு. அவருக்கு அது தெரியாதா என்ன? ஆண்டவரிடம் சொல்ல வேண்டியதைத் தனியே அவரிடமே சொல். அப்பாவிடம் நூல் விலையையும் முட்டி வலியையும் பேசு.

பழைய காலத்துச் சபையின் பெரிய போதகர் அகஸ்டினின் அம்மா மோனிக்காவைப் பற்றிப் பிரசங்கத்தில் கேட்டிருப்பாய். 17 வருஷம் அழுது ஜெபித்தாள், 387-ல் ஈஸ்டர் சமயம் மிலான் நகரில் அந்த ஊர் பிஷப் அம்புரோஸ் கையால் மகன் ஞானஸ்நானம் பெற்றான் என்று அரை நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள். அவர்கள் தாண்டிப் போகிற இரண்டு இடங்கள்தான் எனக்கு முக்கியம்.

மகனிடம் பேசிப் புத்தி சொல்லுங்கள் என்று அந்த அம்மா ஒரு பிஷப்பிடம் போய்க் கெஞ்சினார். பிஷப் மாட்டேன் என்றுவிட்டார். அகஸ்டின் விழுந்து கிடந்த அதே மனிகேய மதத்தில், அதாவது ஒளிக்கும் இருளுக்கும் ஓயாத சண்டை என்று போதித்த அந்தக் காலத்து மதத்தில் வளர்ந்து, படித்துப் படித்துத் தானாகவே வெளியே வந்தவர் அவர். இப்போது என்ன சொன்னாலும் ஏறாது, அவனை விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் பண்ணு என்றார். அந்த அம்மா விடாமல் அழுதபோது அவருக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்ததாம்.

இன்னொன்று, அகஸ்டின் ரோமுக்குப் புறப்பட்ட ராத்திரி. போகாதே என்று அம்மா பிடித்துக்கொள்ள, நண்பனை வழியனுப்பத்தான் நிற்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். துறைமுகத்துப் பக்கத்துக் கோவிலில் அந்த அம்மா ராத்திரி முழுக்க ஜெபித்தது, மகன் போய்விடக் கூடாது என்றுதான். விடிந்தால் மகன் இல்லை. இத்தாலியில் அம்புரோஸ் இருக்கிறார் என்பது அன்றைக்கு அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? இன்ன தேதிக்குள், இன்ன கன்வென்ஷனில், இன்னார் பிரசங்கத்தில் என்று நாம் ஆண்டவருக்கு டைம்டேபிள் போட்டுக் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ராத்திரி ஞாபகம் வரும்.

இன்னும் கேள். இயேசுவின் சொந்தச் சகோதரர்களே அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7-ல் இருக்கிறது. ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அந்தச் சகோதரர்களில் ஒருவரான யாக்கோபு எருசலேம் சபைக்குத் தூணாக நின்றது உயிர்த்தெழுதலுக்குப் பிறகுதான். இயேசுவின் வீட்டிலேயே அப்படியென்றால், உன் வீட்டில் உடனே நடக்க வேண்டுமா?

நம் வேலூர்ப் பக்கத்தில் ஊழியம் செய்த ஆற்காடு மிஷனை 1853-ல் தொடங்கியவர்கள் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள். அவர்களுடைய அம்மா ஹேரியட், ஒவ்வொரு பிள்ளையின் பிறந்தநாளையும் அந்தப் பிள்ளைக்கான ஜெப நாளாகவே வைத்திருந்தாராம். மிஷன் தொடங்கியபோது அவர் உயிரோடு இல்லை. நீயும் அப்பாவுக்கென்று ஒரு நாள் வைத்துக்கொள். ஆதார் கார்டில் ஜனவரி 1 என்றுதான் போட்டிருக்கும், பரவாயில்லை.

போன ஆடியில் அம்மா கூழ் ஊற்றியபோது, படைப்பதற்கு முன்னாலேயே உனக்கென்று ஒரு செம்பு தனியாக எடுத்து வைத்ததைச் சலிப்போடு சொன்னாய். எனக்குச் சிரிப்பு வந்தது. படைத்ததைச் சாப்பிட மாட்டான் என்று உன் விசுவாசத்துக்கு அந்த வீட்டில் ஒருத்தர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். அப்பாவும் பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லையே. அவர்கள் உன்னிடம் காட்டுகிற பொறுமையையும் கொஞ்சம் கணக்கில் சேர்.

என் வீட்டுக்காரர் கடைசிவரை வராமலே போய்விட்டால் என்கிற பயம் எனக்கும் உண்டு. தூக்கம் வராத ராத்திரிகளில் அதையும் ஆண்டவரிடமே சொல்கிறேன். ஆனால் அதற்காக வீட்டுக்காரர் கையைப் பிடித்து உள்ளே இழுக்க மாட்டேன். இழுத்து வந்தால் வருவது என் வீட்டுக்காரரின் கால் மட்டும்தான்.

வைகாசி 1, உங்கள் குடியாத்தத்தில் அம்மன் சிரசை ஊர்வலமாகக் கொண்டு வருகிற கெங்கையம்மன் சிரசு திருவிழா வருகிறது. ஊர்வலத்துக்கு உன்னால் போக முடியாதென்றால் அப்பாவிடம் முன்கூட்டியே தன்மையாகச் சொல்லிவிடு. ஆனால் அன்றைக்கென்று பார்த்து வேலூருக்கு ஓடி வந்துவிடாதே. வீடு நிறைய உறவுக்காரர்கள் வருவார்கள். தண்ணீர் பிடிக்க, பந்திக்கு இலை போட, இலை எடுக்க அம்மாவுக்கு ஆள் வேண்டும்.

அடுத்த ஞாயிறு வரும்போது அப்பா தறியில் நெய்த கைலி இரண்டு கொண்டு வா. வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். விலையை அப்பாவிடமே கேட்டு வந்து சொல், சும்மா வேண்டாம்.

அன்புடன்,
அக்கா