இறந்த ஆண்டுதான் சிக்கல்

ஆசிரியருக்கு,

பழைய தமிழ் நூலை மின்னாக்கம் செய்யுமுன் பதிப்புரிமையைப் பார்க்க வேண்டும். ஆசிரியர் வாழும்போது வெளிவந்த நூலென்றால், இந்தியாவில் அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை நீடிக்கும். 1965இல் மறைந்தவரின் நூல் 2026 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை, அதாவது யாரும் வெளியிடலாம். கணக்கு எளிது, இறந்த ஆண்டுதான் கிடைப்பதில்லை.

தலைப்புப் பக்கத்தில் 'பிரபவ வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1867ஆ, 1927ஆ? அச்சகப் பெயரையும் எழுத்துருவையும் பார்த்துத்தான் சொல்லலாம். மறுபதிப்பு ஆண்டை முதற்பதிப்பாகக் கொள்வதும் வழக்கமான தவறு. மூல நூலுக்கு உரிமை முடிந்தாலும் உரையாசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் தனி உரிமை உண்டு. பலரும் சறுக்குவது இங்கேதான்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக நூலகம் 2008இல் தொடங்கி, பிற நூலகங்களும் சேர்ந்த திட்டத்தில், ஒரே நூலின் பதிப்புரிமை நிலையை இருவர் தனித்தனியே ஆராய்கிறார்கள். முடிவு முரண்பட்டால் மூன்றாமவர் தீர்க்கிறார்.

நம் நூலகங்களும் ஒரு பொதுப் பட்டியல் வைக்கலாம்: பெயர், முன்னெழுத்து, புனைபெயர், இறந்த ஆண்டு, அதற்குச் சான்று, நாட்டுடைமையா (அரசு உரிமையைப் பெற்றுப் பொதுவாக்கியதா) என்ற குறிப்பு. சான்றுக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த நூலகம் அந்த வேலையை முதலிலிருந்து செய்யும். ஆண்டு கிடைக்காவிட்டால் 'தெரியவில்லை' என்றே பதியட்டும்; உத்தேச ஆண்டு வேண்டாம்.

நூற்பட்டியலாளர்கள் சிலர்,
மதுரை