பூங்காவுக்கு ஒரு சபை எதற்கு என்று கேட்ட நண்பருக்கு

வன்கூவர்,
2024 ஜனவரி 14.

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டில் எல்லோரும் நலம்; அங்கும் அவ்வாறே இருக்கும் என்று நம்புகிறேன். உம்முடைய நவம்பர்க் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் வருகிறது என்று நீர் முகத்தை நீட்டப்போவது தெரியும். ஆனால் நான் வரிசையாக எழுதிய கடிதங்களுக்கெல்லாம் சேர்த்து நீர் ஒரேயொரு கலியாண அழைப்பிதழை அனுப்பிவைத்த காலத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சின்ன மாமியின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. கட்டை மாஸ்டரின் செய்தியை நீரும் கேள்விப்பட்டிருப்பீர். அதை நேரில்தான் பேச வேண்டும். இந்த வாரம் உங்கள் ரொறன்ரோக் குளிர் வழிதவறி இங்கே வந்துவிட்டபடியால் வெளியே போக முடியவில்லை. அதனால்தான் கடிதம் நீளப்போகிறது.

நத்தார் அன்று தொலைபேசியில் நீர் சொன்னதை நான் விட்டுவிடுவதாக இல்லை. "புல்லு வெட்டுறதுக்கும் ஒரு தேர்தலோ? ஒழிக்கிறார்கள் என்றால் ஒழிக்கட்டுமே" என்று சொல்லிவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் பேச்சை மருமகனின் புதுக் காருக்கு மாற்றிவிட்டீர். வன்கூவரின் பூங்காக்களையும் கடற்கரைகளையும் பார்த்துக்கொள்ளும் எங்கள் பூங்கா சபையை ஒழிக்க வேண்டும் என்று மேயர் கென் சிம் டிசம்பர் முதல் வாரத்தில் அறிவித்தார். 2022 தேர்தலில் அதைச் சீர்திருத்துவதாகச் சொன்னவரும் அவர்தான். அடுத்த வாரமே மாநகர சபையும் அதற்கு ஆதரவாக வாக்களித்துவிட்டது. இனி மாகாண அரசு, இந்த மாநகரத்தின் அதிகாரங்களை வகுக்கும் சட்டமான வன்கூவர் சாசனத்தைத் திருத்திவிட்டால், 1890 ஆம் ஆண்டு முதல் மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்துவரும் ஒரு சபை இல்லாமற் போய்விடும். மேயருடைய கட்சியின் பெயரில் வென்ற ஆறு ஆணையாளர்களில் மூவர் இதை ஏற்காமல் கட்சியை விட்டே விலகி நிற்கிறார்கள். மொத்தமே ஏழு பேர் கொண்ட சபையில் இது சிறிய விடயம் அல்ல.

புல்லு வெட்டுவது என்று நீர் சொல்லும் வேலை மாதாமாதம் என்னவாக இருக்கிறது என்பதைக் கேளும். ஆண்டின் முதல் நாளே அது தொடங்கிவிடுகிறது. 1920 இல் பீற்றர் பன்டேஜஸ் என்ற கிரேக்கக் குடியேறி ஒருவர் தம்முடைய சில நண்பர்களைக் கூட்டிக்கொண்டு புத்தாண்டு அன்று இங்கிலிஷ் பே கடலில் குதித்தார். இன்று ஆயிரக்கணக்கானோர், சிலர் கரடி வேடத்திலும் சிலர் கழுத்துப்பட்டியோடும், அதே கடலுக்குள் ஓடுகிறார்கள். ஓடுகிறவர்களுக்கு அது வேடிக்கை. உயிர்காப்பாளர்களையும் படகுகளையும் முதலுதவியையும் ஒழுங்குசெய்து, உறையும் நீரிலிருந்து அத்தனை பேரும் திரும்பிவந்துவிட்டார்களா என்று பார்ப்பது பூங்கா சபையின் வேலை. இந்த ஆண்டும் நான் கரையில் கம்பளிக் கோட்டுடன் நின்று பார்த்தேன். "நீ எப்பவும் கரைக்காரன்தான்" என்று நீர் இப்போது சொல்வது இங்கே வரை கேட்கிறது. காரைநகர்க் கடலில் யார் முதலில் கத்தினார் என்பதையும் நான் மறக்கவில்லை.

மார்ச்சில் நாரைகள் வரும். சபையின் தலைமை அலுவலகம் பீச் அவெனியூவில் இருக்கிறது; அதை ஒட்டி, டென்னிஸ் ஆடுகளங்களுக்கு மேலே நிற்கும் மரங்களில் 2001 முதல் பெரிய நீல நாரைகள் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. ரக்கூன்கள் ஏறி முட்டைகளைத் தின்றுவிடாதபடி அடிமரத்தில் தகடு சுற்றிவிடுகிறார்கள். கூடுகளை வீட்டிலிருந்தே பார்ப்பதற்கு ஒரு கமராவும் பூட்டியிருக்கிறார்கள். என் மனைவி தொடர்நாடகங்களைக் கைவிட்டு அதைத்தான் பார்க்கிறார். கழுகு வந்து ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போன நாளில் எங்கள் வீட்டில் சமையல் நடக்கவில்லை.

ஏப்ரலில் செரிப் பூக்கள். படம் எடுக்க வருகிற கூட்டத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. வேறொன்றைச் சொல்ல வேண்டும். 1930களில் கோபே, யோகோஹாமா நகரங்களின் மேயர்கள் ஐந்நூறு செரி மரங்களை இந்தப் பூங்கா சபைக்கு அன்பளிப்பாக அனுப்பினார்கள். முதலாம் உலகப் போரில் கனடாவுக்காகப் போரிட்ட ஜப்பானியக் கனடியர்களுக்கு ஸ்டான்லி பூங்காவில் 1920 இல் எழுப்பப்பட்ட நினைவுத் தூணைச் சுற்றி நடுவதற்கென்று வந்த மரங்கள் அவை. 1942 இல் அதே மக்களை, ஏறத்தாழ 22,000 பேரை, இந்தக் கரையிலிருந்தே வெளியேற்றினார்கள். அவர்களில் பலரை முதலில் ஹேஸ்டிங்ஸ் பூங்காவின் மாட்டுக் கொட்டில்களில் அடைத்துவைத்தார்கள். நினைவுத் தூணின் உச்சியில் எரிந்த விளக்கையும் அந்த ஆண்டு அணைத்தார்கள். அது மறுபடி ஏற்றப்பட்டது 1985 இல்தான். ஒரே நாளில் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பது என்றால் என்னவென்று உமக்கும் எனக்கும் எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. மரம் நடுகிறவர்களும் மனிதரை அடைத்துவைப்பவர்களும் ஒரே நகரத்தில்தான் இருந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் ஒவ்வொரு ஏப்ரலிலும் எனக்கு வருகிறது. அதனால்தான் பூங்கா என்பது அரசியல் இல்லாத இடம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

மே மாதக் கடைசியில் உயிர்காப்பாளர்கள் கடற்கரைக்கு வந்து, செப்டெம்பர்த் தொடக்கம் வரை நிற்பார்கள். கரையில் ஒதுங்கும் பெருமரக் குற்றிகளை வரிசையாக அடுக்கிவைப்பதும் சபைதான். சாய்ந்து உட்கார அதைவிட நல்ல ஆசனம் இந்த நகரத்தில் இல்லை. இந்தக் கரையின் முதல் உத்தியோகபூர்வ உயிர்காப்பாளர் ஜோ ஃபோர்ட்டெஸ் என்ற கறுப்பினத்தவர். கரீபியனிலிருந்து கப்பலில் வந்து, நூற்றாண்டுக்கு முன்னர் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவர். 1922 இல் அவர் இறந்தபோது நகரமே திரண்டதாம். அவருக்காக 1927 இல் அமைத்த குடிநீர் ஊற்று குழந்தைகளின் உயரத்துக்கே கட்டப்பட்டிருக்கிறது. என் பேத்தி அதில் எட்டிக் குடிக்கிறாள். நான் குனிந்தால் நிமிர முடிவதில்லை.

இலையுதிர்காலத்தை விரைவாகக் கடந்துவிடுகிறேன்: வகுப்புகளுக்குப் பதிவு, வடிகால்களிலிருந்து இலை அள்ளுதல், சமூக நிலையங்களில் முதியோருக்கான நீர்ப்பயிற்சி. கடைசியாகச் சொன்னதில் நானும் ஒருவன். சிரியும், பரவாயில்லை.

நவம்பர் பிறந்தால் புயல்தான். 2021 நவம்பரில் ஒரு பெரிய பார்ஜ், அதாவது தட்டையான சரக்குப் படகு, கட்டை அறுத்துக்கொண்டு வந்து கரையில் ஏறி நின்றுவிட்டது. ஊரே அதைப் பார்க்கக் கிளம்பியதும், சபை அங்கே அந்தப் பார்ஜின் பெயரிலேயே கடற்கரைக்கு ஒரு பெயர்ப்பலகை நட்டது. அப்படி நகைச்சுவை உள்ள ஓர் அரசு அலுவலகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், 2022 ஜனவரியில் பேரலைகள் உயர்ந்த கடற்பெருக்கோடு சேர்ந்து வந்து ஸ்டான்லி பூங்காவைச் சுற்றி ஓடும் கடற்சுவரை உடைத்தன. கிட்சிலானோவின் 137 மீற்றர் நீள உப்புநீர்த் தடாகத்தையும் பாழாக்கின. ஜேம்ஸ் கன்னிங்ஹாம் என்ற கற்கொத்தர் 1931 முதல் 1963 இல் இறக்கும் வரை மேற்பார்வையிட்டுக் கட்டியது அந்தக் கடற்சுவர். அவர் போன பின்னர், 1971 இல்தான் முழு வளையமும் பூர்த்தியானது. ஒரு மனிதன் தன் வாழ்நாளையே கொடுத்துக் கட்டிய கற்களை ஒரே இரவில் கடல் தூக்கிப் பாதையில் எறிந்திருந்ததைப் போய்ப் பார்த்தேன். கடல் இனி உயரத்தான் போகிறது. எதைத் திருப்பிக் கட்டுவது, எதைக் கடலுக்கு விட்டுக்கொடுப்பது என்பதை அடுத்த இருபது ஆண்டுகளில் யாரோ தீர்மானிக்க வேண்டும். என் கவலையெல்லாம் அந்த யாரோ யார் என்பதுதான்.

மேயருடைய வாதத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பணத்தை ஒதுக்குவது மாநகர சபை, அதைச் செலவிடுவது பூங்கா சபை என்று இருக்கும்போது, தடாகம் ஒழுகினால் இரு பக்கமும் மறுபக்கத்தைக் காட்டும். ஸ்டான்லி பூங்காவில் லூப்பர் புழு அரித்துப் பட்டுப்போன ஏறத்தாழ 160,000 மரங்களை, அதாவது அங்குள்ள மரங்களில் கால்வாசியை, வெட்டும் வேலை இந்தக் குளிர்காலத்தில் தொடங்கியிருக்கிறது. அது தீப்பிடிக்காமல் தடுக்கும் முன்யோசனையா, அவசரமா என்று எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு கருத்து. சபை எப்போதும் சரியாகவே நடந்துகொண்டது என்று வாதிட நான் அதன் வழக்கறிஞன் அல்லன்.

ஆனால் 2009 இல் நடந்ததை நீர் அறிய மாட்டீர். குயின் எலிசபெத் பூங்காவில், பழைய கற்குழி இருந்த குன்றின் மேல், ப்லோடெல் என்ற கண்ணாடிக் கூண்டு மாளிகை 1969 முதல் இருக்கிறது. உள்ளே வெப்பமண்டலச் செடிகளும் நூற்றுக்கு மேற்பட்ட பறவைகளும். கமுகு இனமும் கிளிகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வேறோர் இடத்துக்கு நான் இந்தக் குளிரில் எங்கே போவேன்? காசு இல்லை என்று சொல்லி அதை மூடிவிட இதே பூங்கா சபைதான் வாக்களித்தது. ஊர் மக்கள் கிளம்பினார்கள். கூட்டங்களுக்கு வந்து பேசினார்கள். தாவரவியல் தோட்டச் சங்கம் தோள்கொடுக்க முன்வந்தது. சபை தன் முடிவை மாற்றிக்கொண்டது. பூங்காவைத் தவிர வேறு வேலை இல்லாத ஏழு பேர் இருந்ததால்தான் கிளிகளுக்காக ஒரு மாலை முழுவதும் ஒதுக்க முடிந்தது. வீட்டு விலையும் பொலிஸ் செலவும் கழிவுநீர்க் குழாயும் விவாதித்து அலுத்த மாநகர சபையில் அந்தக் கிளிகள் நிகழ்ச்சிநிரலின் கடைசி வரியில் நின்றிருக்கும், அந்த வரியை எட்டுமுன்னர் எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

உமக்கும் எனக்கும் இதில் கூடுதலாக ஒன்று இருக்கிறது. நாங்கள் வாக்களிக்கத் தொடங்கிய வயதில் வாக்குப் பெட்டி எப்படி வந்து எப்படிப் போனது என்பதை மறந்திருக்க மாட்டீர். அதன் பின்னர் ஒரு நாட்டுக்கு வந்து, நாரைக்கும் நீச்சல் தடாகத்துக்கும் ஆள் தெரிவுசெய்ய ஒரு சீட்டைக் கையில் வாங்கியபோது நானும் முதலில் சிரித்தேன்தான். அந்தச் சீட்டை யாரும் என்னிடம் கேளாமல் திருப்பி எடுத்துக்கொள்வதை இப்போது என்னால் சிரித்துக்கொண்டு பார்க்க முடியவில்லை. எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அதன் ஆங்கிலத்தை என் மகள் திருத்தும்போது உணர்ச்சி வாக்கியங்களையெல்லாம் வெட்டிவிட்டாள். வெட்டியவை வீணாகாமல்தான் உமக்கு வந்திருக்கின்றன.

உம்முடைய பக்கத்தில் ரொறன்ரோப் பூங்காக்களை மாநகர சபை நேரே பார்க்கிறதே, அது எப்படி நடக்கிறது என்று ஒருமுறை விசாரித்து எழுதும். என் வாதத்தை உடைக்கிறதாக இருந்தாலும் எழுதும். பெரியத்தானை மார்ச் மாதத்துக்கு முன்னர் போய்ப் பார்த்துவிடும். அவர் என்னிடம் உம்மைப் பற்றிக் குறை சொல்கிறார். ஏப்ரலில் வருவதாகச் சொன்னதை இந்த முறையும் மருமகனின் காரில் ஏற்றி அனுப்பிவிடாதீர். வரும்போது ஸ்காபரோவிலிருந்து நல்ல ஒடியல் மா கொண்டுவாரும். இங்கே கிடைப்பதில் கூழ் காய்ச்ச முடியாது.

அன்புடன்,
உம்முடைய கரைக்காரன்