பலகையில் மூன்றாவது வரி

மச்சான்,

பெரியவனுக்குப் பிளஸ் டூ பரீட்சை, அவனைவிட வீட்டில் எனக்குத்தான் பதற்றம், அதனால்தான் பதில் எழுதத் தாமதம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.

சரி, உன் சண்டைக்கு வருகிறேன். உக்ரைன்காரர் ஹ்னாத் ஹோத்கெவிச்சுக்கு நினைவுப் பலகை வைத்தால் "எழுத்தாளர், இனவரைவியலாளர், 1877–1938" என்று மட்டும் போடுவது ஏமாற்று வேலை, சுட்டுக் கொன்றதையும் பொறிக்க வேண்டும் என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இறந்த வருஷம் 1937, 1938 என்று இருந்தாலே, ஸ்டாலின் ஆட்சி ஆட்களைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டுக் கொன்ற காலம் என்று உக்ரைனின் கார்கிவ் நகரத்துக்காரர்களுக்குப் புரிந்துவிடும், மேற்கொண்டு ஒரு வார்த்தை தேவையில்லை.

கல்லில் இடம் கொஞ்சம்தான், அதை 1902க்குக் கொடு. மனிதர் படித்தது பொறியியல், பார்த்தது ரயில்வே வேலை. ஆனால் அந்த வருஷம் கார்கிவில் தொல்லியல் மாநாடு நடந்தபோது, சந்தைகளிலும் கோயில் வாசல்களிலும் தனித்தனியாகப் பாடிப் பிழைத்த கண் தெரியாத கோப்ஸார்களை, அதாவது தந்தி வாத்தியம் மீட்டிப் பாடும் உக்ரைனிய நாடோடிப் பாடகர்களை, தேடிப்பிடித்து ஒரே மேடையில் உட்காரவைத்தார். சேர்ந்து வாசித்தே பழக்கம் இல்லாதவர்கள், ஆளுக்கொரு சுருதி, ஆளுக்கொரு பாணி, எப்படித்தான் இழுத்துக் கட்டினாரோ! பேராசிரியர்கள் ஏட்டில் பார்த்துக்கொண்டிருந்த பாட்டு எதிரில் உட்கார்ந்து பாடியது. வெறுமனே "இனவரைவியலாளர்" என்று எழுதினால், யாரோ நோட்டுப் புத்தகத்தோடு ஊர் சுற்றியவர் என்றுதான் நினைப்பார்கள்.

அப்புறம் 1905 ரயில்வே வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றதால் எல்லை தாண்டி, அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த கலீசியாவுக்கு ஓடவேண்டி வந்தது. ஓடிய இடத்திலும் சும்மா இருந்தாரா? கார்பாத்திய மலையில், கிராஸ்னோயில்யா என்ற ஹுட்சுல் மலைவாழ் மக்களின் கிராமத்தில், 1910இல் நாடகக் குழு ஆரம்பித்தார். நடிகர்களில் பெரும்பாலோர் எழுத்து வாசனை இல்லாத விவசாயிகள், வசனத்தைச் சொல்லச் சொல்லக் காதால் வாங்கி மனப்பாடம் செய்து நடித்தவர்கள். அவருடைய நாவலைவிட எனக்கு இந்தக் குழுதான் பெரிதாகப் படுகிறது, நீ ஒப்புக்கொள்ள மாட்டாய், தெரியும்.

1938 பிப்ரவரியில் கைது, அக்டோபரில் சுட்டார்கள், 1956இல் குற்றமற்றவர் என்று காகிதம் கொடுத்தார்கள். 1902 மேடையில் வாசித்த இவான் குச்செரென்கோவையும் 1937இல் கார்கிவிலேயே சுட்டுவிட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், மூன்றாவது வரியில் கோப்ஸார்களும் வரட்டும். கொன்றவர்களுக்கு எதற்கு அந்த இடம்?

இன்னும் வாதாட வேண்டுமென்றால் ஜூலையில் குடும்பத்தோடு இங்கே வா, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. வரும்போது நம் ஹாஸ்டல் போட்டோக்களை எடுத்து வா, என்னுடையதெல்லாம் பழைய போனோடு போய்விட்டது.