மரம் மாறிக் குரைத்த நாய்

அன்புள்ள மகனுக்கு,

கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் மேலாளர் உன்னிடம் 'பார்க்கிங் அப் தி ராங் ட்ரீ', அதாவது தவறான மரத்தடியில் குரைக்கிறாய் என்று சொல்லிவிட்டார், நாய் என்றே சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தாய். மனம் நோகாதே, கண்ணா. நம் ஊரில் ஒருவரைப் பார்த்துக் 'குரைக்காதே' என்றால் கைகலப்பில்தான் முடியும். ஆனால் இந்தத் தொடர் பிறந்த இடம் வேறு. ஆங்கிலம் கற்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், கேள்.

நீ இருக்கும் டென்னஸி பக்கத்துக் காடுகளில் ராக்கூன் என்ற மரமேறும் சிறு விலங்கின் வேட்டை இரவில்தான் நடக்கும். இருட்டில் வேட்டைக்காரருக்குக் காதுதான் துணை. மோப்பம் பிடித்து ஓடும்போது நாய் நீட்டி முழக்கிக் கத்தும். ராக்கூன் மரமேறியதும் அதே நாய் அடிமரத்தில் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு, வெட்டி வெட்டி, விடாமல் குரைக்கும். தொலைவில் விளக்கோடு வருகிறவருக்கு அந்த மாற்றமே போதும், இரை மேலே ஏறிவிட்டது என்று தெரிந்துவிடும். குரைப்பது தன் நாயா, அடுத்தவர் நாயா என்பதையும் குரலை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் ராக்கூன் கிளை வழியே அடுத்த மரத்துக்குப் போயிருந்தால், பாவம், அந்த நாய் வெறும் மரத்தடியில் உயிரைக் கொடுத்துக் குரைத்துக்கொண்டிருக்கும். 1830-களிலேயே இது அமெரிக்காவில் அச்சேறிய வழக்கு. உன் உழைப்பை அவர் குறை சொல்லவில்லை. தேடும் இடம் தவறு என்கிறார், அவ்வளவுதான்.

நாயின் எல்லா ஒலியும் இப்படிச் சாதுவானது அல்ல. 'ஸ்னார்ல்' என்றால் பல் தெரிகிற கோபம். 'வைன்' என்றால் சிணுங்கல். வளர்ந்தவரிடம் அதைச் சொல்வது இளக்காரம். அப்படி யாராவது சொன்னால் நீ கோபப்படுவதில் நியாயம் உண்டு. மற்றபடி, கடலில் மிதக்கும் சிறு பனிப்பாறைத் துண்டுக்கு உறுமலை வைத்து 'க்ரௌலர்' என்றும், ஒலிபெருக்கியில் கனத்த ஒலி தரும் பகுதிக்கு நாயின் 'ஊஃப்' என்ற குரைப்பை வைத்து 'ஊஃபர்' என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் யாருக்கும் வசை இல்லை.

இன்னொன்று. 'நாயை வளர்த்துவிட்டு நீயே ஏன் குரைக்கிறாய்?' என்பது 16-ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிய ஆங்கிலப் பழமொழி. உதவிக்கு ஆள் இருந்தும் எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுச் செய்பவரிடம் சொல்வது. உனக்குப் பொருந்தும். உன்னிடம் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் வேலையைப் பகிர்ந்துகொடு. ஆனால் அவர்கள் காதுபட இந்தப் பழமொழியை மட்டும் சொல்லிவிடாதே. அதில் நாய் அவர்கள்தான்.

அன்புடன்,
அம்மா