மாமூத், யானைக்குத் தாத்தா அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், உடல் முழுக்க முடி அடர்ந்த, அழிந்துபோன யானை வகையான கம்பளி மாமூத் பற்றிய கட்டுரை படித்தேன். படம் அருமை, ஆனால் 'இன்றைய யானைகளின் மூதாதை' என்று தலைப்பிலேயே போட்டுவிட்டீர்களே! மாமூத்தும் ஆசிய யானையும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் மாதிரி, சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்த இரண்டு கிளைகள். சொல்லப்போனால் ஆசிய யானைக்கு ஆப்பிரிக்க யானையைவிட மாமூத்தான் நெருங்கிய சொந்தம், மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். ரஷ்யாவின் ராங்கல் தீவில் கடைசி மாமூத்துகள் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை இருந்தன. மொகஞ்சதாரோவில் முத்திரைகளில் யானையைச் செதுக்கிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே மாமூத்தும் மேய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

சரி, அது போகட்டும். சைபீரியாவின் உறைந்த மண்ணில் தோலும் முடியுமாகக் கிடைப்பதால் மாமூத் மேல் எல்லோருக்கும் மோகம். இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் மலையில் கிடைத்த ஸ்டெகோடான் என்ற, யானையைப் போன்ற அழிந்துபோன விலங்கை ஏன் ஒருவரும் கண்டுகொள்வதில்லை? 1830களில் சகாரன்பூர் தாவரவியல் தோட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்த டாக்டர் ஃபால்கனரும், கால்வாய் வேலையில் இருந்த பொறியாளர் காட்லியும் அந்த மலையடிவாரத்தில் எலும்பு எலும்பாகச் சேர்த்தார்கள். 1837இல் லண்டன் நிலவியல் கழகம் இருவருக்கும் வோலஸ்டன் பதக்கமே கொடுத்தது. சேர்த்ததில் ஒரு ஸ்டெகோடான் வகைக்கு அவர்கள் வைத்த பெயர் 'கணேசா'. ஒற்றைக் கொம்பன் என்று நினைத்துவிடாதீர்கள், இதற்குத் தந்தம் இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் 3 மீட்டர். இரண்டும் ஒட்டினாற்போல முளைத்திருப்பதால் நடுவில் தும்பிக்கையைத் தொங்கவிட இடமே இல்லை, ஒரு பக்கமாகத்தான் போட்டிருக்கும் என்கிறார்கள். கடைவாய்ப் பல்லும் வேறு மாதிரி, யானைப் பல்லைப் போல உயரமான தகடுகள் இல்லாமல் தாழ்ந்த வரப்புகள். ஸ்டெகோடானின் குள்ள வகை ஒன்று இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில், அங்கே இருந்து அழிந்துபோன குட்டை மனித இனம் வாழ்ந்த காலத்திலேயே இருந்தது. (இதுவும் யானைக்கு மூதாதை இல்லை, தனிக் கிளை. மறுபடியும் தாத்தா ஆக்கிவிட வேண்டாம்!)

இமாச்சலில் நாகனுக்குப் பக்கத்தில் சாகேதி புதைபடிவப் பூங்காவில், சிவாலிக் விலங்குகளுக்கு ஆளுயரமும் அதற்கு மேலும் கண்ணாடியிழைச் சிலைகள் வைத்திருக்கிறார்கள். ஒரு நிருபரை அங்கே அனுப்பினால் முழுப் பக்கத்துக்கு விஷயம் கிடைக்கும். படம் வரைபவரிடம் மட்டும் தும்பிக்கை விவரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கும்பகோணம்